சூலூர், செங்கல்பட்டு, ஏழிமலை – கப்பல்படைப் பசங்க கதை

சாமளாபுரத்துக்கும் கப்பலுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க ஊர்ல இருந்து கடலைப் பார்க்கணும்னா எந்தத் திசையில போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். எங்களுக்குத் தெரிஞ்ச பெரிய தண்ணி சாமளாபுரம் குளம்தான். நொய்யல்ல தண்ணி வந்தா நிறையும், இல்லாட்டி ஆடு மேயும். மத்தபடி காதுல விழறது எல்லாம் தறிச் சத்தம். ஆனா கடற்படை இங்க பக்கத்துலயே இருந்திருக்கு. இந்தத் தலைமுறைப் பசங்களுக்கு இது தெரியாது.

நம்ம சூலூர் ஏரோடிரோம் இருக்குல்ல, இப்ப விமானப்படை வச்சிருக்கறது. இரண்டாம் உலகப்போர்ல அங்க இங்கிலீஷ்காரனோட கடற்படை விமானங்கள் இறங்கின. சுதந்திரத்துக்கு அப்புறம் 1961 செப்டம்பர் 5-ஆம் தேதி நம்ம கடற்படையே அங்க ஐ.என்.எஸ். ஹன்சான்னு ஒரு விமானத்தளம் ஆரம்பிச்சுது. அந்த வருஷம்தான் விக்ராந்த் போர்க்கப்பல் நமக்கு வந்தது. அதுல ஏறி இறங்கற சீ ஹாக் ஜெட் விமானங்களுக்கு சூலூர்தான் வீடு. கோவா நம்ம கைக்கு வந்ததுக்கு அப்புறம், 1964-ல, ஹன்சாவை அங்க மாத்திட்டாங்க. அந்த மூணு வருஷமும் எங்க அப்பாரு மாடு மேய்க்கறப்ப தலைக்கு மேல ஜெட் போயிருக்கு. "மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடும்டா"ன்னு சொல்லுவார். அது கப்பல்ல இருந்து கிளம்பற விமானம்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

இத்தனையும் இப்ப ஞாபகம் வரக் காரணம் எங்க வீதிப் பையன் ஒருத்தன். அவங்க அப்பா, நான் அண்ணன்னு கூப்பிடறவரு, பன்னெண்டு தறி ஓட்டறார். கூலி நெசவுதான். பையன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில படிச்சான். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துல, அமராவதி அணைக்கிட்ட, 1962-ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். நம்ம திருப்பூர் மாவட்டத்துலதான் இருக்கு, ஆனா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கிருந்து ஏழிமலை கடற்படை அகாடமியில சேர்ந்து நாலு வருஷம் பி.டெக்.கும் பயிற்சியும் முடிச்சான். பாசிங் அவுட் பரேடுக்கு என்னையும் வரச் சொன்னான்.

"சித்தப்பா, நீங்கதான ஹிஸ்டரி ஹிஸ்டரின்னு பேசுவீங்க, வந்து பாருங்க"ன்னான். போகாம இருக்க முடியுமா?

கோயமுத்தூர்ல ரயில் ஏறி பையனூர்ல இறங்கினோம். ஏழிமலை நமக்குப் புது ஊரு இல்லீங்க. சங்கப் பாட்டுல வர்ற ஏழிற்குன்றம் இதுதான், நன்னன்கிற அரசனோட மலை. மூணு பக்கம் கடல் அணைச்சுக்கிட்டு நிக்கற மலை. சுமார் 2,500 ஏக்கர்ல அகாடமி. 1987-ல ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார், 2009 ஜனவரி 8-ஆம் தேதி மன்மோகன் சிங் திறந்து வச்சார். நடுவுல இருபத்திரண்டு வருஷம்! சர்க்கார் வேலை சர்க்கார் வேலைதான்.

பரேடு பத்தி நிறையச் சொல்லலாம். வெள்ளை உடுப்பு, வாள், பேண்டு. டி.வி.யில நீங்களும் பார்த்திருப்பீங்க. நான் சொல்ல வந்தது கடைசிப் பத்து நிமிஷத்தைப் பத்தி. மெதுவா அடி எடுத்து வச்சு வரிசை வரிசையா அந்த மேடையைத் தாண்டிப் போறாங்க. அப்ப பேண்டுல ஆல்ட் லாங் சைன் ராகம் வாசிக்கறாங்க, பிரிவு உபசாரத்துக்கு வாசிக்கற ஸ்காட்லாந்துப் பாட்டு அது. கடைசியா ஒரு கோடு. அதுக்குப் பேரு 'அந்திம் பக்', கடைசி அடின்னு அர்த்தம். அதைத் தாண்டினா கேடட் இல்லை, ஆபீசர்.

தாண்டினதுக்கு அப்புறம் பெத்தவங்க போய் தோள்பட்டையில பட்டை குத்தி விடணும். அண்ணன் கை நடுங்கிச்சு. நாப்பது வருஷமா அறுந்த நூலை ஒரே விநாடியில முடிச்சுப் போடற கை அது. அக்காதான் "விடுங்க, நான் பண்றேன்"னு வாங்கிக் குத்தினாங்க. பையன் அழலை. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா, மூணு பசங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி அழுதுக்கிட்டு இருக்கான். பெத்தவங்களைப் பார்த்து வராத அழுகை கூட இருந்தவனைப் பார்த்து வந்துச்சு. எனக்கு அந்த ராத்திரி பூரா அதே யோசனை. இந்த ஒட்டுதல் எப்படி வருது? எப்ப ஆரம்பிச்சுது? ஊருக்கு வந்து கொஞ்சம் படிச்சேன். படிக்கப் படிக்க, நம்ம ஆளுங்க பேரா வருது.

கதை 1922-ல தொடங்குது. அன்னைக்கு இந்தியாவுல கப்பல் ஓட்டற ஆபீசர் எல்லாம் வெள்ளைக்காரன். நம்மாளு அடுப்புல கரி அள்ளிப் போடலாம், கயிறு இழுக்கலாம், சுக்கான் பக்கம் ஆபீசரா நிக்க முடியாது. மத்திய சட்டசபையில இதைப் பேசினவர் பி.எஸ். சிவசாமி ஐயர். தஞ்சாவூர்ச் சீமைக்காரர், திருக்காட்டுப்பள்ளியில அவர் பேர்ல இன்னைக்கும் பள்ளிக்கூடம் இருக்கு. இந்தியர்களுக்கு வணிகக் கப்பல் தொழில் கத்துக் கொடுக்க வழி பண்ணணும்னு தீர்மானம் கொண்டு வந்தார். அதை ஒட்டி ஒரு கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டி பயிற்சிக் கப்பல் வேணும்னு சொல்லிச்சு. கடைசியில 1927-ல 'டஃபரின்'ங்கிற பழைய துருப்புக் கப்பலை பம்பாய் மஸகாவ்ல நிறுத்தி வச்சு பசங்களைச் சேர்த்தாங்க. கடலையே பாக்காத ஊர்க்காரர் ஒருத்தர் டில்லியில பேசின பேச்சு, அஞ்சு வருஷம் கழிச்சு பம்பாய்த் துறைமுகத்துல கப்பலா நின்னுச்சு.

அந்த முதல் பேட்ச்ல சேர்ந்த ஒரு பையனுக்கு வயசு பதினாறு. பிறந்தது 1911-ல, நம்ம செங்கல்பட்டுல. தெலுங்குக் குடும்பம், படிச்சது ஐதராபாத் பக்கம். பேரு ராம்தாஸ் கட்டாரி. மூணு வருஷப் பயிற்சி முடிச்சு வைஸ்ராய் தங்கப் பதக்கம் வாங்கினார். சரி, பதக்கம் வாங்கினவருக்குக் கடற்படையில வேலை குடுத்திருப்பாங்கன்னு நினைக்கறீங்களா? இல்லை. டஃபரின் பசங்கள்ல பெரும்பாலானவங்க வணிகக் கப்பலுக்குத்தான் போனாங்க. கட்டாரி கல்கத்தா துறைமுகத்துல, ஹூக்ளி ஆத்தை அளக்கற சர்வே வேலைக்குப் போனார். ஆத்து மண்ணு எங்க சேருது, எங்க ஆழம்னு அளந்துக்கிட்டே இருந்தார். 1939-ல உலகப்போர் வந்துச்சு. ஆபீசர் பத்தலை. அப்பத்தான் கதவு திறந்துச்சு. ரிசர்வ் ஆபீசரா உள்ள போனவர், 1956-ல நம்ம கப்பல் கூட்டத்துக்குத் தளபதியான முதல் இந்தியர் ஆனார். 1958 ஏப்ரல் 22-ஆம் தேதி கடற்படைக்கே தலைவர், அதுலயும் முதல் இந்தியர். சூலூர்ல ஹன்சா ஆரம்பிச்சப்ப தலைமையில இருந்தவர் இவர்தான். எங்க அப்பாரு மாட்டை மிரட்டின ஜெட்டுக்கு மேல் ஆபீசர் செங்கல்பட்டுல பிறந்தவர்னு வச்சுக்கலாம்.

இந்த டஃபரினை நினைச்சுப் பாருங்க. 1927-ல நாடு எப்படி இருந்துச்சு? பல ரயில்வே ஸ்டேஷன்ல இந்துவுக்கு ஒரு தண்ணிப் பானை, முஸ்லிமுக்கு ஒரு தண்ணிப் பானை. ஒரே ஊர்லயே ஒரு வீதிக்காரன் இன்னொரு வீதிக்காரனோட உக்காந்து சாப்பிட மாட்டான். அந்தக் காலத்துல பல ஊர், பல மதம், பல பாஷைப் பசங்களைக் கொண்டு வந்து ஒரு கப்பலுக்குள்ள போட்டா? கரையா இருந்தா பிடிக்கலைன்னு வெளிய போயிடலாம். கப்பல்ல எங்க போறது? பக்கத்துல படுத்திருக்கறவனோட ஒத்துப் போய்த்தான் ஆகணும். சிநேகம் தானா முளைச்சுதுன்னு சொல்றதை விட, இடம் இல்லாததால முளைச்சுதுன்னுதான் எனக்குத் தோணுது.

அந்த சிநேகத்துக்கு 1947-ல சோதனை வந்துச்சு. நாட்டைப் பிரிச்ச மாதிரி கப்பலையும் பிரிச்சாங்க. ஆறு ஸ்லூப் கப்பல்ல சட்லெஜ், ஜம்னா, கிஸ்த்னா, காவேரி நாலும் நமக்கு. நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்கு. பேரைப் பாருங்க, ஓடற ஆறு நம்மகிட்ட, கப்பல் அவங்ககிட்ட! அப்புறம் பேரை மாத்திக்கிட்டாங்க. ஆளுங்களும் அப்படித்தான் பிரிஞ்சாங்க. நேத்து வரைக்கும் ஒரே மெஸ்ல சாப்பிட்டவங்க, இன்னைக்கு வேற வேற கொடி.

1971 டிசம்பர் 16, தாக்கா சரணடைதல் போட்டோவை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நியாஸி கையெழுத்துப் போடுவார், பக்கத்துல ஜகஜித் சிங் அரோரா. பின்னாடி நிக்கறவங்கள்ல வெள்ளை உடுப்புல ஒருத்தர் இருப்பார். அவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல நாகர்கோவில்ல பிறந்தவர். அந்தப் போர்ல கிழக்குக் கடற்படைக்குத் தளபதி. அன்னைக்கு அவர்கிட்ட தன்னோட கைத்துப்பாக்கியை ஒப்படைச்சவர் பாகிஸ்தான் ரியர் அட்மிரல் முகமது ஷரீஃப். இவரும் அவரும் 1947-க்கு முன்னாடி ஒரே ராயல் இந்தியன் நேவியில வேலை பார்த்தவங்க. சிப்பாயா சேர்ந்து ஆபீசரானவர் ஷரீஃப். கைதியா இருந்து திரும்பிப் போய், 1975-ல பாகிஸ்தான் கடற்படைக்கே தலைவர் ஆனார். கூடப் படிச்சவனோ, கூட வேலை பார்த்தவனோ எதிர்ல நின்னு துப்பாக்கியைக் குடுத்தா மனசு எப்படி இருக்கும்? வெற்றிக் கொண்டாட்டத்துல இதை யாரும் கேக்கறதில்லை.

இப்ப இன்னொரு பேட்ச். 1949 ஜனவரியில டேராடூன்ல தரைப்படை, கடற்படை, விமானப்படை மூணுக்கும் பசங்களை ஒண்ணாச் சேர்த்துப் பயிற்சி குடுக்கற வேலையை ஆரம்பிச்சாங்க. உலகத்துலயே இது புது யோசனை. மத்த நாட்டுல எல்லாம் மூணுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம். பின்னாடி இதுதான் 1955-ல பூனாவுக்குப் பக்கத்துல கடக்வாஸ்லாவுக்கு வந்து என்.டி.ஏ. ஆச்சு. அந்த முதல் பேட்ச்ல மூணு பையன்கள். மூணு பேரும் 1933-ல பிறந்தவங்க. ஒருத்தர் கோவா வம்சத்துக் கிறிஸ்தவர், சுனித் பிரான்சிஸ் ரோட்ரிக்ஸ். ஒருத்தர் நிர்மல் சந்திர சூரி. ஒருத்தர் லட்சுமிநாராயண் ராம்தாஸ். சேரும்போது பதினஞ்சு, பதினாறு வயசு. முடிச்சதும் ஒருத்தர் தரைப்படைக்கு, ஒருத்தர் விமானப்படைக்கு. ராம்தாஸ் கடலுக்கு.

நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு, 1991-ல, அந்த மூணு பேரும் ஒரே நேரத்துல மூணு படைக்கும் தலைவர்! ரோட்ரிக்ஸ் தரைப்படை, ராம்தாஸ் கடற்படை, சூரி விமானப்படை. ஒரே அடுப்புச் சோறு, ஒரே மைதானத்துல ஓடின ஓட்டம். மூணு பேரும் மீட்டிங்குல உக்காந்தா ஒருத்தன் இன்னொருத்தனோட பயிற்சிக் காலத்துக் கூத்தை எல்லாம் அறிஞ்சவன். பந்தா காட்ட முடியுமா? அப்புறம் 2019 டிசம்பர் 31-ல இதே மாதிரி மறுபடியும் நடந்துச்சு. நரவணே, கரம்பீர் சிங், பதௌரியா. மூணு பேரும் என்.டி.ஏ. 56-வது கோர்ஸ். எழுபது வருஷ வரலாற்றுல ரெண்டு தடவை.

ராம்தாஸ் பத்திக் கொஞ்சம் கூடச் சொல்லணும். செங்கல்பட்டு கட்டாரியோட பொண்ணு லலிதாவைக் கட்டினவர் இவர். அதாவது டஃபரின் முதல் பேட்சும் டேராடூன் முதல் பேட்சும் மாமனார் மருமகன் ஆகிட்டாங்க! 1971-ல பியாஸ் கப்பலோட கேப்டன், வீர் சக்ரா வாங்கினார். அதைவிட நம்ம கதைக்கு முக்கியம், கொச்சியில கடற்படை அகாடமியை ஆரம்பிச்சு நடத்தினவர் அவர்தான். அந்த அகாடமி 1986-ல கோவாவுக்குப் போச்சு, அங்கிருந்து 2009-ல ஏழிமலைக்கு. எங்க வீதிப் பையன் தாண்டின கோட்டுக்கு ஒரு விதத்துல அவரும் காரணம். அவர் தலைவரா இருந்தப்ப, 1992-லதான் கடற்படையில பெண்கள் ஆபீசரா வந்தாங்க.

சரி, ஏழிமலைக்கே திரும்ப வரலாம். அழுத அந்த நாலு பேர் யாருன்னு அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேன்.

ஒருத்தன் ஹரியானா. தொண்டை அப்படி. மைதானத்துக்கு அந்தக் கோடியில இருந்து கத்தினா இந்தக் கோடியில மரத்துல காக்கா பறக்கும். ஒருத்தன் மணிப்பூர். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினா அதிகம், ஆனா ஃபுட்பால்ல இறங்கினா வேற ஆளு. மூணாவது லக்னோ. புஸ்தகப் புழு. எந்தக் கணக்கா இருந்தாலும் ராத்திரி எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பான். நாலாவது நம்மாளு. இவனோட தகுதி என்னன்னு கேட்டா சிரிச்சான்.

"கெணறு, சித்தப்பா."

புரியலைன்னேன். அங்க பத்து மீட்டர் உயரத்துப் பலகையில இருந்து தண்ணிக்குள்ள குதிக்கணுமாம். முதல் நாள் நிறையப் பேருக்குக் கால் உதறிடுச்சு. நம்ம பையன் நேரா நடந்து போய்க் குதிச்சுட்டான். எங்க ஊர்த் தோட்டத்துக் கெணறு எல்லாம் எவ்வளவு ஆழம்னு உங்களுக்கே தெரியும். ஏழு வயசுல முதுகுல சுரைப்புருடையைக் கட்டித் தூக்கிப் போட்டு நீச்சல் கத்துக் குடுத்தது அவங்க அய்யன்தான். அதுக்கு முன்னாடி பத்து மீட்டர் பலகை என்னங்க?

லக்னோப் பையனுக்கு நீச்சல் சுத்தமா வராது. நீச்சல் டெஸ்ட்ல தேறலைன்னா ஒரு டெர்ம் பின்னாடி தள்ளிடுவாங்க. 'ரெலிகேஷன்'னு பேரு. ஆறு மாசம் போறது கூடப் பெரிசில்லையாம். ஜூனியர் பேட்சோட சேர்ந்துக்கணும், கூட வந்தவங்க எல்லாம் முன்னாடி போயிடுவாங்க, அதுதான் தாங்க முடியாதுன்னான். ரெண்டு தடவை ஃபெயில் ஆகிட்டு, பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு உக்காந்திருக்கான் லக்னோ. கிடைக்கற ஓய்வு நேரத்துல எல்லாம் நம்மாளு அவனைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போய், வயித்துல கை குடுத்துத் தாங்கி, எங்க ஊர்க் கெணத்து முறையிலயே சொல்லிக் குடுத்திருக்கான். மூணாவது தடவை லக்னோ தேறிட்டான். பதிலுக்கு அந்தப் பையன் இவனுக்குக் கணக்கையும் இந்தியையும் சொல்லிக் குடுத்தான். "அவன் இல்லைன்னா நான் அஞ்சாவது டெர்ம்ல பேப்பர்ல போயிருப்பேன் சித்தப்பா"ன்னான்.

அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "ஏங்கண்ணு, ஒருத்தன் தப்புப் பண்ணினா எல்லாருக்கும் தண்டனைன்னு சொல்லுவியே, அது நியாயமா?"

"நியாயம் இல்லீங்கப்பா. ஆனா அதுக்கு அப்புறம் எவனும் இன்னொருத்தனை விட்டுட்டுப் போக மாட்டான்."

அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "ஊடை நூலு ஒண்ணு அறுந்தா தறி தானா நின்னுக்குமில்ல, அந்த மாதிரி"ன்னார். கப்பல்படை ஜெனரல் யாராவது கேட்டிருந்தா பாடத்துல சேர்த்திருப்பாங்க. (ஜெனரல் இல்லை சித்தப்பா, அட்மிரல்னு பையன் திருத்தினான்!)

எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கு, அதை மறைக்கலை. விட்டுக் குடுக்காத சிநேகம் நல்லதுதான். ஆனா அதுவே தப்பு பண்ணினவனைக் காட்டிக் குடுக்காம மூடி மறைக்கவும் உதவும். ஹாஸ்டல்ல இருந்தவங்க எல்லாருக்கும் இது தெரியும். 'நம்ம பேட்ச்'னு ஒரு கோடு போட்டா, கோட்டுக்கு வெளிய இருக்கறவன் ஆரு? இந்தக் கேள்விக்கு எனக்கு ராம்தாஸ் வாழ்க்கையில ஒரு பதில் கிடைச்சுது. 1971-ல பாகிஸ்தானோட சண்டை போட்ட அதே மனுஷன், ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் ரெண்டு நாட்டு ஜனங்களும் பேசிக்கணும்னு வருஷக்கணக்கா உழைச்சார். 2004-ல பாகிஸ்தான்காரர் ஐ.ஏ. ரஹ்மானோட சேர்ந்து மகசேசே விருது வாங்கினார். பதினஞ்சு வயசுல ஒரு பாரக்ஸுக்குள்ள கத்துக்கிட்டதை எல்லைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நீட்டிப் பார்த்தார்னு நான் எடுத்துக்கறேன். 2024 மார்ச் 15-ஆம் தேதி காலமானார். அவரோட பேட்ச்மேட் ரோட்ரிக்ஸ் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டார்.

திரும்பி வர்றப்ப ரயில்ல அண்ணன் ஜன்னல் ஓரம் உக்காந்து பாலக்காடு வர்ற வரைக்கும் எதுவும் பேசலை. அப்புறம் கேட்டார்.

"அந்த லக்னோப் பையன் அடுத்த லீவுக்கு நம்மூருக்கு வர்றானாம். எங்க படுக்க வைக்கறது? தறிச் சத்தத்துல தூக்கம் வருமா அவனுக்கு?"

"கப்பல் இன்ஜின் சத்தத்துலயே தூங்கப் போறவன், வரும்ண்ணா"ன்னேன்.

"அதுவும் சரிதான். கெணத்துல தண்ணி கெடக்குது. நம்ம கெணத்துலயும் ஒருக்கா குதிச்சுப் பாக்கட்டும்"ன்னார்.

பி.கு.: பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற பசங்க யாராவது வீட்டுல இருந்தா இதைச் சொல்லுங்க. ஆறாம் வகுப்புலயே அமராவதிநகருக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். பன்னெண்டாவதுல கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்திருந்தா யு.பி.எஸ்.சி. நடத்தற என்.டி.ஏ. தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஜே.இ.இ. மார்க்கை வச்சு நேரா ஏழிமலை பி.டெக்.குக்கும் போகலாம். இப்ப பொண்ணுங்களும் போறாங்க, என்.டி.ஏ.வோட முதல் பெண்கள் பேட்ச் 2025 மே மாசம் முடிச்சு வெளிய வந்தாச்சு. கடல் இல்லாத ஊர்னு யோசிக்காதீங்க. கெணறு இருக்குதில்ல, போதும்.